தேதியிடாத செய்முறைக் குறிப்பு

காயல்பட்டினத்திலிருந்து வடக்கே ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல் என்று ஊர்களைக் கடந்து தூத்துக்குடித் துறைமுகத்தை நெருங்குபவர்கள் கண்டெய்னர் லாரிகளைக் காணாமல் இருக்க முடியாது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். 20 அடி அல்லது 40 அடி நீளம், 8 அடி அகலம், எட்டு மூலைகளிலும் ஒரே அளவில் துளையிட்ட எஃகுக் கட்டிகள். உள்ளே இருப்பது உப்பா, நூலா, முந்திரிப் பருப்பா, உறையவைத்த இறாலா என்பது பற்றித் துறைமுகத்துக் கிரேனுக்குக் கவலை இல்லை. மூலைத் துளைகளில் பிடி பொருந்தினால் போதும், தூக்கிவிடும். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளை 'ஐடியல்-எக்ஸ்' என்ற கப்பலில் ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அங்கிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. பெட்டியின் அளவு உலகெங்கும் ஒன்றானதால்தான் தூத்துக்குடியில் ஏற்றியது ஹாம்பர்க்கில் சிக்கலின்றி இறங்குகிறது.

இந்தப் பெட்டியின் பெயரைக் கணிப்பொறித் துறையினர் கடன் வாங்கிக்கொண்டார்கள். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாடு ஒன்றில் 'டாக்கர்' என்னும் கருவியை அறிமுகப்படுத்தினார். டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி என்று பொருள். அதன் சின்னமும் முதுகில் கண்டெய்னர்களைச் சுமக்கும் திமிங்கிலமே. ஒரு மென்பொருளையும், அது ஓடுவதற்கு வேண்டிய துணைப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் இட்டு, எந்தக் கணிப்பொறியிலும் ஒரே மாதிரி ஓடச்செய்வது அதன் நோக்கம். அந்த உறையை இக்கட்டுரையில் கொள்கலன் என்று அழைப்போம்.

இன்று கல்லூரிப் பயிலரங்குகளிலும் அறிமுக நூல்களிலும் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது: "கொள்கலனில் போட்டுவிட்டால் பதிப்புச் சிக்கல் தீர்ந்தது." இது பாதி உண்மை. மற்றப் பாதியால் நம் மாணவர்களுக்கு நேரும் இழப்பு சிறிதன்று. அந்தப் பாதியைத்தான் இங்கே குறை கூற எண்ணுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். இன்றைய நிரல் எதுவும் தனியாக எழுதப்படுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்துள்ள 'பேக்கேஜ்' எனப்படும் பொதிகளை எடுத்துச் சேர்த்துத்தான் எழுதப்படுகிறது. இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசலின் அலைவு நேரங்களை வரைபடமாக்க விரும்பும் மாணவர் பைத்தான் மொழியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் அணிகளுக்கு 'நம்பை', தொகையீடு முதலிய கணக்குகளுக்கு 'சைபை', படம் வரைய 'மேட்பிளாட்லிப்' ஆகிய பொதிகள் அவருக்கு வேண்டும். ஒவ்வொரு பொதியும் ஆண்டுக்குச் சில முறை புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும்போதெல்லாம் 1.26.4 என்பது போல ஒரு பதிப்பு எண் பெறுகிறது. ஒரு பொதி வேறு பொதிகளைச் சார்ந்திருக்கும். அவை இன்னும் சிலவற்றைச் சார்ந்திருக்கும். மூன்று பொதிகளைக் கேட்டால் பதினைந்து வந்து இறங்குவது சாதாரணம்.

டாக்கரில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, எல்லாம் நிரப்பிப் பூட்டப்பட்ட பெட்டி. அதற்குப் படிமம் என்று பெயர். மற்றொன்று, அந்தப் பெட்டியை எப்படி நிரப்புவது என்று வரிவரியாகச் சொல்லும் செய்முறைக் குறிப்பு. படிமம் மாறாது. நூறு முறை திறந்தாலும் உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கும். செய்முறைக் குறிப்போ அத்தகையதன்று. அது கிடங்குக்கு எழுதும் சீட்டு: "நம்பை ஒன்று, சைபை ஒன்று கொடுத்தனுப்பவும்." சீட்டு அன்று போலவே இருக்க, கிடங்கில் சரக்கு மாறிக்கொண்டே இருக்கிறது.

நம் மாணவர்கள் பாதுகாப்பது எதை? பெட்டி சில நூறு மெகாபைட் முதல் ஒரு ஜிகாபைட்டுக்கு மேலும் போகும். அதை யாரும் சேமித்து வைப்பதில்லை. பத்து வரிச் சீட்டையே பதிவேட்டில் ஒட்டிவைக்கிறார்கள்; இளையவர்களுக்கும் அதையே கைமாற்றுகிறார்கள். கொள்கலனின் புகழ் முழுவதும் பெட்டிக்கு உரியது. நாம் நம்பியிருப்பதோ சீட்டை.

சீட்டு எப்படிக் கைவிடும் என்பதற்கு 2024 ஜூன் மாதமே போதிய சான்று. நம் கல்லூரிகள் திறக்கும் மாதம் அது. அம்மாதம் 16-ஆம் தேதி நம்பை 2.0 வெளிவந்தது. 2006-இல் 1.0 வந்தபின் ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து முதல் எண் மாறியது. முந்தைய ஆண்டு எழுதிய சீட்டுகள் பலவற்றில் 'நம்பை' என்று மட்டுமே இருந்தது, எண் இல்லை. அவற்றைக் கொண்டு புதிதாகப் பெட்டி கட்டியவர்களுக்குப் புதிய நம்பையும், பழைய நம்பையை நம்பிக் கட்டப்பட்ட வேறு பொதிகளும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. நிரல் தொடங்கிய உடனே நின்றது. திரையில் வந்த செய்தியின் சாரம் இது: நம்பையின் ஒரு தரவு வடிவத்தின் அளவு மாறியிருக்கிறது, 96 எதிர்பார்க்கப்பட்டது, 88 கிடைத்தது.

இந்தச் செய்தியைச் சற்று நின்று படிப்பது நல்லது. வேகத்துக்காகப் பல பொதிகளின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டு, இயந்திரக் கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றப்பட்டிருக்கிறது. அப்படி மாற்றும் வேளையில், நினைவகத்தில் நம்பையின் ஒரு பொருள் எத்தனை பைட் இடம் பிடிக்கும், அதில் எந்தச் செய்தி எத்தனையாவது பைட்டில் இருக்கும் என்பது கல்லில் வெட்டியது போல் உள்ளே பதிந்துவிடுகிறது. பழைய வீட்டின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிய வீட்டில் இருட்டில் நடப்பதற்கு ஒப்பானது இது. சுவர் இருக்குமிடத்தில் கதவைத் தேடுவோம். 96 என்பது பழைய வரைபடம். 88 என்பது புதிய வீடு. ஆக, அந்தச் செய்தி ஓர் அளவீடு. இரண்டு எண்களைத் தந்து, எவை இரண்டும் பொருந்தவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை எளிது: நம்பையை 2-க்குக் கீழே நிறுத்த வேண்டும், அல்லது மற்றப் பொதியை நம்பை 2-க்காகக் கட்டப்பட்ட பதிப்புக்கு உயர்த்த வேண்டும்.

அதே ஜூனில் சைபை 1.14 வந்தது. அதில் 'சிம்ப்ஸ்' என்ற செயற்கூறு இல்லை. சிம்ப்சன் விதிப்படித் தொகையீடு காண நம் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய சுருக்கப் பெயர் அது. 'சிம்ப்சன்' என்ற முழுப்பெயர் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. பழைய பெயர் இப்போது நீக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, மாறியது முதல் எண் அன்று, இரண்டாவது எண். முதல் எண் மாறினால்தான் பழைய நிரல்கள் உடையும் என்று ஒரு மரபு உண்டு. அது மரபே தவிர இயற்கை விதி அன்று. சைபை, நம்பை போன்ற பொதிகள் முன்னெச்சரிக்கை தந்துவிட்டு இரண்டாம் எண் மாறும்போதே பழையவற்றை நீக்கும் வழக்கமுடையவை. "2-க்குக் கீழே எதுவாயினும் சரி" என்று எழுதி வைத்தவர்களையும் அந்த மரபு காப்பாற்றவில்லை.

இவ்விரண்டும் சத்தம் போட்டு நின்ற பிழைகள். இவை மேல். சத்தமே போடாத ஒன்றும் உண்டு. என் விமர்சனத்தின் மையம் அதுவே.

சிம்ப்சன் விதிக்கு இரட்டைப்படை எண்ணிக்கையில் பட்டைகள் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அளவீடு செய்த மாணவரிடம் 10 புள்ளிகள், அதாவது 9 பட்டைகள் இருந்தால் என்ன செய்வது? மிஞ்சிய ஒரு பட்டையை வேறு வழியில் கணக்கிட வேண்டும். சைபை 1.10 வரை, மிஞ்சிய பட்டையை முதலில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் வைத்து, அதற்குச் சரிவக விதியைப் பயன்படுத்தி, இரண்டு விடைகளின் சராசரியை எடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த 1.11 முதல், கடைசிப் பட்டைக்கு மூன்று புள்ளிகள் வழியாகப் பரவளையம் வரைந்து கணக்கிடும் திருத்தத்தை இயல்பான முறையாக்கினார்கள். செயற்கூறின் பெயர் மாறவில்லை. அழைக்கும் முறையும் மாறவில்லை.

சைன் வளைவை 0 முதல் π வரை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு சரியாக 2 என்பது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. 10 புள்ளிகளைக் கொடுத்தால் பழைய முறை தரும் விடை 1.99955. புதிய முறை தரும் விடை 2.00075. ஒன்று உண்மை மதிப்புக்குக் கீழே, மற்றது மேலே. தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே சரிபார்க்கலாம். 20 பாகை இடைவெளியில் சைன் அட்டவணை போதும். (இந்த எடுத்துக்காட்டில் பழைய முறையே உண்மைக்கு அருகில் நிற்கிறது என்பதால் புதியது மோசம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். π-க்கு அருகே சைன் வளைவு ஏறக்குறைய நேர்கோடு. சரிவக விதிக்கு அங்கே அதிர்ஷ்டம். முனைகளில் இப்படி நேர்கோடாக இல்லாத பொதுவான வளைவுகளில், பட்டைகளை நெருக்க நெருக்கப் புதிய முறையே வெல்லும்.)

இரண்டு மாணவர்கள், ஒரே அளவீடுகள், ஒரே நிரல், ஒரே செய்முறைக் குறிப்பு. ஒருவர் 2023 மேயில் பெட்டி கட்டினார். மற்றவர் ஜூலையில் கட்டினார். இருவர் விடையும் நான்காம் இலக்கத்தில் வேறுபடுகின்றன. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. புறத்தேர்வாளர் யார் விடையைத் தவறு என்பார்? அளவீட்டில் பிழை என்று மாணவர் ஊசலை மறுபடியும் ஆட்டிக்கொண்டிருப்பார். ஊசல் மேல் குற்றமில்லை.

வெப்பநிலையைக் குறிக்காமல் ஒரு திரவத்தின் பாகுநிலையை எழுதினால் எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார். வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே பாகுநிலை மாறும் என்று நமக்குத் தெரியும். கணிப்பொறியில் செய்த கணக்குக்கு மட்டும் அந்த ஒழுங்கைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். "சைபை கொண்டு கணக்கிடப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதினால் அது போதாது. எந்தச் சைபை?

பாடநூல்களும் இதில் முன்மாதிரியாக இல்லை. தமிழ்நாட்டில் 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. வரைபடம் பற்றிய பாடத்தில் மேட்பிளாட்லிப் பொதியை நிறுவும் கட்டளை தரப்பட்டிருக்கிறது. பதிப்பு எண் இல்லை. 'இருப்பதில் புதியதுக்கு உயர்த்து' என்ற குறி மட்டும் உண்டு. அந்தப் பாடத்தின் எடுத்துக்காட்டுகள் நேர்கோடு, பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம் என்ற எளிய படங்களே. எந்தப் பதிப்பிலும் அவை ஓடும். ஆகையால் உடனடித் தீங்கு ஏதுமில்லை. பைத்தானைத் தமிழில் கற்பிக்க முன்வந்ததற்கு நூலாசிரியர்களைப் பாராட்டவே வேண்டும். ஆயினும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. அச்சான நூல் ஐந்தாறு ஆண்டு மாறாமல் மாணவர் கையில் இருக்கும். அது சுட்டும் கிடங்கில் ஐந்தாறு வாரத்தில் சரக்கு மாறும். இப்படி வேகம் வேறுபட்ட இரண்டை ஓர் எண்ணும் இல்லாமல் பிணைப்பது நூலாக்கத்தில் குறையே.

பதிப்புகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். பைத்தானில் 'பிப்' என்ற நிறுவுகருவி அந்த வேலையைச் செய்கிறது. 'அ', 'ஆ' என்ற இரு பொதிகளைக் கேட்கிறீர்கள். 'அ' சொல்கிறது: எனக்கு 'இ' வேண்டும், 1.20-க்குக் குறையாமல், 2-க்குக் கீழே. 'ஆ'வின் புதிய பதிப்பு 3 சொல்கிறது: எனக்கு 'இ' 2-ஆவது வேண்டும். இரண்டையும் நிறைவு செய்யும் 'இ' உலகத்தில் இல்லை. கருவி பின்வாங்கி 'ஆ'வின் பதிப்பு 2-ஐப் பார்க்கிறது. அதற்கு 1.18-க்கு மேல் எதுவாயினும் சரி. இப்போது 'இ' 1.26 இருவருக்கும் பொருந்துகிறது. முத்துக்குளித்துறையில் ஒரு காலத்தில் முத்துகளை வேறுவேறு கண் அளவுள்ள பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத் தரம் பிரித்தார்கள். இங்கே ஒவ்வொரு பொதியும் ஒரு சல்லடை. எல்லாச் சல்லடைகளுக்கும் உடன்பட்டு மிஞ்சுவதே விடை. எதுவும் மிஞ்சாமல் போவதும் உண்டு. பொதிகள் பெருகினால் தேட வேண்டிய சேர்க்கைகள் மலைபோல் பெருகும். பொது வடிவில் இது 'என்பி-முழுமை' என்ற கடின வகைக் கணக்கு என்பது நிறுவப்பட்டிருக்கிறது. சில வேளை பிப் ஒரே பொதியின் இருபது பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிப் பார்ப்பது இதனால்தான். மாணவரின் கைபேசித் தரவு தீர்வதும் இதனால்தான்.

2020 நவம்பரில் வந்த பிப் 20.3-க்கு முன் நிலைமை இன்னும் மோசம். கருவி இப்படிப் பின்வாங்கித் தேடாது. முதலில் எது கண்ணில் பட்டதோ அதை நிறுவிவிட்டு, பொருந்தவில்லை என்று ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதும். அதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. இப்போது பொருந்தாவிட்டால் கருவியே நின்றுவிடுகிறது. இது முன்னேற்றம். ஆனால் கருவி அறிவது பொதிகள் தாமாகச் சொன்ன நிபந்தனைகளை மட்டுமே. 2024 ஜூனுக்கு முன் வெளிவந்த பல பொதிகள் "நம்பை 2 எனக்கு ஆகாது" என்று எழுதியிருக்கவில்லை. நம்பை 2 அப்போது இல்லையே! சொல்லாத நிபந்தனையைச் சல்லடை அறியாது.

சரி, ஒரே சீட்டு ஒரு கணிப்பொறியில் வேலை செய்கிறது. பக்கத்துக் கணிப்பொறியில் தோற்கிறது. இதற்கு என்ன காரணம்? டாக்கர் பெட்டியை அடுக்கு அடுக்காகக் கட்டுகிறது. சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடுக்கு என்று கொள்ளலாம். வரி மாறாதிருந்தால், முன்பு கட்டிய அடுக்கையே திரும்ப எடுத்துக்கொள்ளும். நேரம் மிச்சம். ஆனால் "கிடங்குப் பட்டியலைப் புதுப்பி" என்ற வரி ஆறு மாதம் முன்பு ஓடி அடுக்காகிவிட்டால், இன்றும் அந்த ஆறு மாதப் பழைய பட்டியலே கையில் இருக்கும். அடுத்த வரியில் புதிதாக ஒரு பொதியைச் சேர்த்தால், பட்டியலில் உள்ள பதிப்பு கிடங்கில் இராது; 'காணவில்லை' என்ற 404 எண் வரும். பட்டியல் புதுப்பித்தலையும் நிறுவுதலையும் ஒரே வரியில் எழுதச் சொல்வது இதனால்தான். பழைய கணிப்பொறியில் எல்லாம் ஓடுகிறது என்று ஆசிரியர் மகிழ்ந்திருக்கலாம். ஓடுவது சீட்டு அன்று, சேமிப்பில் கிடக்கும் பழைய அடுக்கு. சீட்டைச் சோதிக்க வேண்டுமானால் சேமிப்பைப் பயன்படுத்தாதே என்று சொல்லிக் கட்டிப் பார்க்க வேண்டும்.

சீட்டின் முதல் வரியும் ஏமாற்றக்கூடியது. அடித்தளமாக எந்தப் படிமத்தின் மேல் கட்டுவது என்பதை அங்கே எழுதுகிறோம். பெரும்பாலும் 'லேட்டஸ்ட்', அதாவது 'அண்மையது', என்ற ஒட்டுப்பெயரை எழுதிவிடுகிறார்கள். அது நிலையான பெயரன்று. இன்று ஒன்றைச் சுட்டும், நாளை வேறொன்றைச் சுட்டும். எண் எழுதினால்கூட முழுப் பாதுகாப்பு இல்லை. 'பைத்தான் 3.11' என்ற படிமம் முதலில் டெபியன் 11-இன் மேல் அமைந்திருந்தது. 2023 ஜூனில் டெபியன் 12 வந்தபின் அதே பெயர் அதன் மேல் அமைந்த படிமத்தைச் சுட்டலாயிற்று. பெயர் அதே, அடித்தளம் வேறு. பழைய அடித்தளத்தையே பிடித்துக்கொண்டிருந்தாலும் ஒரு நாள் கிடங்கு இடம் மாறிவிடும். டெபியன் 9-இன் பொதிகள் 2023-இல் வழக்கமான கிடங்கிலிருந்து காப்பகத்துக்கு நகர்த்தப்பட்டன. பழைய முகவரிக்குப் போன சீட்டுகள் வெறுங்கையுடன் திரும்பின. பொருநை மண் சேர்த்துக் கடல் விலகியதால் கொற்கையின் வாணிகம் காயலுக்குப் பெயர்ந்த கதை இக்கரையில் பலரும் அறிந்தது. கப்பல் மாலுமிக்குப் பழைய துறையின் பெயர் தெரிந்திருந்து என்ன பயன்?

இனி, புழக்கத்தில் உள்ள 'தீர்வுகள்' சிலவற்றைப் பார்ப்போம். நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் கைவைத்தியங்கள் இவை. முதலாவது, 'சார்பு பார்க்காதே' என்ற குறியை இட்டு நிறுவுவது. வெப்பமானியை உடைத்துக் காய்ச்சலைத் தீர்ப்பதற்கு நிகரானது இது. இரண்டாவது இன்னும் வேடிக்கை. டெபியன் 12 முதல், இயங்குதளத்துக்குச் சொந்தமான பைத்தானுக்குள் பிப் கொண்டு எதையும் திணிக்க முடியாதபடி தடுப்பு வைத்தார்கள். தடுப்பை மீற ஒரு குறி உண்டு. அதன் பெயரே 'இயங்குதளப் பொதிகளை உடை' என்பதுதான். எச்சரிக்கையைப் பெயராகவே வைத்திருக்கிறார்கள். அந்தக் குறியைத்தான் மாணவர்கள் மந்திரம் போல மனப்பாடமாகத் தட்டுகிறார்கள். கொள்கலன் எறிந்துவிடக்கூடியதுதானே, உடைந்தால் என்ன என்று வாதிடுவோர் உண்டு. கொள்கலன் வரைக்கும் அதில் நியாயம் இருக்கிறது. மாணவர் அதே வரியைத் தம் சொந்தக் கணிப்பொறியிலும் தட்டுகிறார் என்பதுதான் கவலை. பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்த வரி இடம் அறிந்து நிற்காது.

பொருள் ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் நாற்பது வரி ஓடுகிறது. தமிழ் வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவி அதைக் கண்டதும் தன் ஆங்கிலம் போதவில்லை, தன் அறிவு போதவில்லை என்று முடிவு செய்துவிடுகிறாள். பக்கத்தில் இருப்பவளுக்கு ஓடுகிறது, தனக்கு ஓடவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் இருப்பது சென்ற ஆண்டின் அடுக்கு என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. அந்த நாற்பது வரியில் அவளுக்கு வேண்டியது பெரும்பாலும் கடைசி இரண்டு வரியே. அதில் ஒரு பொதியின் பெயரும் இரண்டு எண்களும் இருக்கும். எதிர்பார்த்தது, கிடைத்தது. எண்ணுக்கு மொழி இல்லை. அவளுடைய தவறு ஏதும் அங்கே இல்லை. தேதியிடாத சீட்டை அவள் கையில் கொடுத்தவர்களின் தவறு அது. ஆசிரியர்களாகிய நாம் ஏற்க வேண்டிய பொறுப்பை மாணவியின் தன்னம்பிக்கையிலிருந்து கழித்துக்கொள்வது முறையன்று.

நல்ல சீட்டு எப்படி இருக்கும்? நடைமுறையில் அது ஒன்றன்று, இரண்டு. முதல் தாளில் நமக்கு நேரடியாக வேண்டிய நான்கைந்து பொதிகள் மட்டும், தளர்வான நிபந்தனைகளுடன் இருக்கும். அதைக் கருவியிடம் கொடுத்து ஒரு முறை தேடச்செய்து, கிடைத்த விடை முழுவதையும், சார்ந்து வந்த கடைசிப் பொதி வரை, சரியான பதிப்பு எண்களுடன் இரண்டாம் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பூட்டுக் கோப்பு என்று பெயர். 'பிப்-டூல்ஸ்', 'யூவி' முதலிய கருவிகள் இதைத் தாமே செய்யும். பெட்டி கட்டும்போது இரண்டாம் தாளையே பயன்படுத்த வேண்டும். 'நம்பை' என்பதற்குப் பதிலாக 'நம்பை==1.26.4' என்றிருக்கும். ஒவ்வொரு பொதிக்கும் ஷா-256 என்ற கைரேகை எண்ணையும் சேர்த்து எழுதலாம். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அடித்தளப் படிமத்தையும் பெயரால் அழைக்காமல் இதே வகையான 64 இலக்கக் கைரேகையால் அழைக்க முடியும். பெயர் நகரும், கைரேகை நகராது. டெபியன் பொதிகளுக்கு, குறிப்பிட்ட நாளில் கிடங்கு எப்படி இருந்ததோ அப்படியே காட்டும் காப்பகம் ஒன்று 2005 முதல் இருக்கிறது; அதன் தேதியைச் சீட்டில் எழுதலாம்.

இவ்வளவும் செய்தபின் எல்லாவற்றையும் அப்படியே என்றென்றைக்கும் வைத்திருக்கலாமா? அதுவும் கூடாது. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற பொதியில் பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, பழைய பதிப்பைப் பூட்டி வைத்து மறந்திருந்தவர்கள் ஆபத்தில் சிக்கினார்கள். எதிர்ப்புறமும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், 'எக்ஸ்இசட்' பொதியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ வேண்டுமென்றே கள்ளவழி வைத்திருப்பதை வெளிப்படுத்தினார். உள்நுழைவு அரை விநாடி தாமதமாவது ஏன் என்று விடாமல் துருவியதால் கிடைத்த கண்டுபிடிப்பு அது. அங்கே சிக்கியவர்கள் புதியதை உடனுக்குடன் எடுத்துக்கொண்டவர்கள். பழைய நிலையான டெபியனில் இருந்தவர்கள் தப்பினார்கள். எனவே பூட்டுவதும் வேண்டும்; நாள் குறித்துத் திறந்து பார்ப்பதும் வேண்டும். கல்லூரி ஆய்வகத்துக்கு மே மாத விடுமுறை தக்க காலம். முதல் தாளிலிருந்து புதிய பூட்டுக் கோப்பை உண்டாக்கி, பழைய கணக்குகளை ஓட்டிப் பார்த்து, விடைகள் ஒத்தால் ஜூனில் மாணவர்களுக்குக் கொடுக்கலாம். ஒவ்வாவிட்டால் ஏன் என்று தேட ஒரு மாதம் கையில் இருக்கிறது.

கொள்கலன் எதை உள்ளே வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயங்குதளத்தின் கருவான கெர்னலும், கணிப்பொறியின் செயலியும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கின்றன. 2020-க்குப் பின் வந்த ஆப்பிள் கணிப்பொறிகள் ஆர்ம் வகைச் செயலி கொண்டவை. அவற்றில் கட்டிய படிமத்தை ஆய்வகத்து இன்டெல் கணிப்பொறியில் ஓட்டினால், 'இயக்கும் வடிவம் தவறு' என்று ஒரே வரியில் நின்றுவிடும். பதிப்பு எண் ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் இது நடக்கும். சில வேளை ஓடும், ஆனால் பதினைந்தாம் இலக்கத்தில் விடை மாறும். தசமப் புள்ளிக் கூட்டலின் வரிசை செயலிக்குச் செயலி வேறுபடுவதே காரணம். இயற்பியலாருக்கு அது பொருட்டன்று. நான்காம் இலக்கம் மாறினால் பொருட்டு.

ஆகவே சீட்டின் கடைசி வரியாக ஒரு சோதனைக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள். சைன் வளைவு, 0 முதல் π வரை, 10 புள்ளிகள், சிம்ப்சன். பெட்டி கட்டி முடிந்ததும் ஓர் எண் திரையில் வரட்டும். 1.99955 வந்தால் உள்ளே இருப்பது பழைய சைபை; 2.00075 வந்தால் 1.11 அல்லது அதற்குப் பிந்தியது. அந்த எண்ணைப் பதிவேட்டில், வழக்கமாக அறை வெப்பநிலையைக் குறிக்கும் இடத்துக்கு அடுத்த வரியில், பதிப்பு எண்ணோடும் தேதியோடும் எழுதுங்கள்.